கலைச்சொல் வேண்டும்: ஊரும் ஊரும் மோதும் பிரெஞ்சுத் தொலைக்காட்சி விளையாட்டு

அனிச்சம் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். பிரெஞ்சு படிக்கும் கல்லூரி மாணவர்களுக்காக, பிரெஞ்சுத் தொலைக்காட்சி வரலாற்றுப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில் ஓர் இயல் முழுக்க ‘ஆந்தெர்வீல்’ (‘ஊர்களுக்கு இடையே’ என்று பொருள்) நிகழ்ச்சி பற்றியது. 1962-இல் தொலைக்காட்சித் தயாரிப்பாளர் கீ லுக்ஸ் தொடங்கியது. இரண்டு ஊர்கள் மோதும். வழுக்கும் மேடை, தண்ணீர்த் தொட்டி, கொம்பு மாடு என்று எல்லாம் உண்டு. பெயரை ஒலிபெயர்த்துவிடலாம். ஆனால் இந்த வகை நிகழ்ச்சிக்கே ஒரு பொதுப்பெயர் வேண்டும். இதன் இத்தாலிய முன்னோடியையும், இதிலிருந்து கிளைத்த ஐரோப்பியப் போட்டியையும் நூல் சேர்த்தே பேசுகிறது. ‘ஊரிடைப் போட்டி’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

கூடவே இன்னும் மூன்று: களத்தில் விடும் மாடு, இடையிடையே வந்துகொண்டே இருக்கும் ‘சிவப்பு நூல்’ ஆட்டம், புள்ளியை இரட்டிப்பாக்கும் ‘ஜோக்கர்’.

நன்னூலார் எழுதியது:

அம்மா, ‘ஊரிடை’ வேண்டாம். ‘இடை’ ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபு. கண், கால், கடை, இடை என்று நன்னூல் வரிசையாகச் சொல்கிறது. ‘ஊரிடைப் போட்டி’ என்றால் ஊருக்குள் நடக்கும் போட்டி என்றே பொருள்படும். இங்கே நடப்பது அதற்கு நேர் எதிரானது.

மோதுவது இரண்டு ஊர்தானே? இரண்டு என்பது உயிர் முன் ‘ஈர்’ ஆகும். ஈரடி, ஈருயிர் போல ‘ஈரூர்ப் போட்டி’ என்க. நாலெழுத்தில் பொருள் முழுதும் அடங்கிவிடுகிறது.

எளிதமிழ் எழுதியது:

ஐயா, இலக்கணம் சரி. ஆனால் ‘ஈரூர்’ என்று வகுப்பில் சொன்னால் ஏதோ ஓர் ஊரின் பெயர் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். ‘ஊர்களுக்கிடையிலான போட்டி’ என்று எழுதினால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். நீளம் ஒரு குறையே இல்லை. செய்தித்தாளில் ‘பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான’ என்று தினமும் படிக்கிறோமே, யார் திணறுகிறார்கள்?

நன்னூலார் எழுதியது:

அது கலைச்சொல் அன்று, விளக்கம். கலைச்சொல்லிலிருந்து மேலும் சொற்கள் பிறக்க வேண்டும். ஈரூர்ப் போட்டி, ஈரூர் நடுவர், ஈரூர்ப் பட்டியல் என்று வளரும். உங்கள் தொடரை வைத்துக்கொண்டு ‘ஊர்களுக்கிடையிலான போட்டியின் நடுவரின் தீர்ப்பு’ என்று எழுதிப் பாருங்கள்.

சேன்நதி எழுதியது:

பாரிசிலிருந்து எழுதுகிறேன். அக்கா, சொல்லைத் தேடுமுன் நிகழ்ச்சியின் உயிர் எதில் இருந்தது என்று பார்ப்போம்.

1962 ஜூலையில் முதல் மோதல், தாக்ஸ் ஊருக்கும் சேன்தமான்-லே-சோவுக்கும். தாக்ஸ் தென்மேற்கில், லாந்து பகுதியில் இருக்கிறது. மற்றது வட கோடியில், பெல்ஜிய எல்லையோரம். இரண்டுமே மருத்துவக் குணமுள்ள நீரூற்றுக்குப் பெயர்போன ஊர்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் சேற்றில் விழுந்தவர்களை விட, அறிவிப்பாளர்கள் போட்ட சண்டையைத்தான் இங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். கீ லுக்ஸும் லெயோன் ஸித்ரோனும் ஆளுக்கோர் ஊர்ப் பக்கம் நின்று, நேரலையிலேயே புள்ளிக்காக வாதாடுவார்கள். கூடவே சிமோன் கார்னியே என்ற அறிவிப்பாளரும். அந்த வழக்காடலுக்காகவே வீட்டில் எல்லாரும் பெட்டி முன்னால் உட்காருவார்கள்.

இதன் முன்னோடியான இத்தாலிய நிகழ்ச்சியின் பெயரிலேயே மணிக்கூண்டு இருக்கிறது: ‘காம்பனீலே சேரா’, 1959-இல் தொடங்கியது. தன் ஊர் மணிக்கூண்டே உயர்ந்தது என்ற பற்றை இத்தாலியர் அந்தச் சொல்லை வைத்தே சொல்வார்கள். பிரெஞ்சிலும் ‘கோயில் மணிக்கோபுர மனம்’ என்ற வழக்கு உண்டு. ஆக, ‘இடையே’ என்பது இங்கே முக்கியமே இல்லை, பற்றும் வீம்பும்தான் முக்கியம். என் பரிந்துரை ‘ஊர்மானப் போட்டி’.

எளிதமிழ் எழுதியது:

‘மானம்’ என்றதும் மாணவர் மனத்தில் மானக்கேடு, மானநட்டம் எல்லாம் வந்து நிற்கும். சேற்றில் விழுந்து சிரிக்கும் ஆட்டத்துக்கு அவ்வளவு கனமான சொல் எதற்கு?

நன்னூலார் எழுதியது:

‘மானம்’ அளவு என்ற பொருளும் உடையது. ‘ஊர்’ என்ற சொல்லைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஊர்தல் என்ற வினையிலிருந்து வந்தது என்பாரும் உளர். மெசப்பொத்தேமியாவின் பழைய நகரத்துக்கும் அதே பெயர். சங்க நூல்களில் ‘நகர்’ என்றால் மாளிகை, கோயில், மனை. ஆகவே பிரெஞ்சு ‘வீல்’ என்பதற்கு ‘நகரம்’ என்று பாடநூல் போடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சேன்நதி எழுதியது:

ஐயா, மன்னிக்கவும், மெசப்பொத்தேமியாவை இங்கே இழுக்க வேண்டாம். ஒலி ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. அதை ஆசிரியர் வகுப்பில் சொன்னால் மாணவர் தேர்வில் எழுதிவிடுவார்கள். ‘நகரம்’ வேண்டாம் என்பதில் மட்டும் உங்களோடு நிற்கிறேன். கலந்துகொண்டவற்றில் பல சின்ன ஊர்கள். ‘ஊர்’ என்றால் அளவுக் கணக்கே எழாது.

‘ஈரூர்’ பற்றி ஒரு தடை. 1965-இல் இது ‘எல்லையில்லா விளையாட்டுகள்’ என்று ஐரோப்பா எங்கும் பரவியது. பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் நெருங்க வேண்டும் என்று அன்றைய பிரெஞ்சு அதிபர் த கோல் விரும்பியதே இதற்கு வித்து என்பார்கள். அந்த இரு நாடுகளோடு இத்தாலியும் பெல்ஜியமும் முதலில் சேர்ந்தன. நாட்டுக்கு ஓர் ஊர் என்று ஒரே களத்தில் பல ஊர்கள். 1982 வரை நடந்து நின்று, 1988-இல் திரும்ப வந்து 1999 வரை ஓடியது. அதை ‘ஈரூர்’ என்று எப்படி அழைப்பது?

நன்னூலார் எழுதியது:

‘பல்லூர்ப் போட்டி’ என்க. பொதுப்பெயர் ‘ஊர்ப்போட்டி’. அதன் வகை ஈரூர், பல்லூர்.

அனிச்சம் எழுதியது:

‘ஊர்ப்போட்டி’ நன்றாக இருக்கிறது ஐயா, வாயில் ஒட்டுகிறது. மாட்டுக்கு ஏதாவது சொல்லுங்களேன். ‘ஏறுதழுவல்’ என்று போடலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்கிறார்.

முல்லைநிலம் எழுதியது:

போடவே கூடாது. இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்காகத்தான் எழுத வருகிறேன். கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் ஏறு காளை. அதைத் தழுவி அடக்குவது வீரம். அங்கே ஓடிவருவது பசு. லாந்து பகுதியின் மாட்டு விளையாட்டு மரபில் மாட்டை யாரும் தொடுவதில்லை, கொல்வதும் இல்லை. பாய்ந்து வரும்போது கடைசி நொடியில் இடுப்பை வளைத்து விலகுவார் ஒருவர். மாட்டின் மேலே தாவிக் கடப்பார் இன்னொருவர். விலகுவதையும் தழுவுவதையும் ஒரே சொல்லில் கட்டினால் இரண்டு மரபுக்கும் அநியாயம். தொலைக்காட்சியில் ஓடியவர்களோ பயிற்சியில்லாத ஊர்க்காரர்கள். மாட்டின் கொம்பு முனைக்கு உறை மாட்டியிருப்பார்கள்.

சொல் என்று கேட்டால், பிரெஞ்சுப் பெயர் இளம்பசுவைக் குறிப்பது. நம் பக்கம் கன்று ஈனாத இளம்பசு கிடாரி. அதையே வையுங்கள்.

எளிதமிழ் எழுதியது:

கிடாரி அருமை. கொங்கிலும் மதுரையிலும் இன்றும் சந்தையில் புழங்கும் சொல்.

சேன்நதி எழுதியது:

ஆனால் களத்தில் விடுவதெல்லாம் கன்று ஈனாதவைதானா? லாந்து ஆட்டத்தில் பல ஆண்டு பழகிய பெரிய பசுக்களும் இறங்கும். பெயரில்தான் இளமை. ‘பாய்ச்சல் பசு’ எப்படி?

முல்லைநிலம் எழுதியது:

வளர்ப்பவன் காதில் ‘பாய்ச்சல் பசு’ என்றால் சந்தையில் விலைபோகாத முரட்டு மாடு. இருந்தாலும் பொருள் பிசகவில்லை. அப்புறம் ஒன்று: 2025-இல் பிரான்ஸ் 2 தொலைக்காட்சி இந்நிகழ்ச்சியை மறுபடி தொடங்கியபோது மாடே இல்லை. விலங்கு நலன் பற்றிய கவலைதான் காரணம். அதைப் பாடநூலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் இன்னும் மாடு விடுகிறார்கள் என்று மாணவர்கள் நம்புவார்கள்.

நன்னூலார் எழுதியது:

‘சிவப்பு நூல்’ பற்றி யாரும் பேசவில்லை. ‘செந்நூல்’ என்றால் செம்மையான நூல், ஏதோ இலக்கணம் என்று படுமே! பனுவலையே பஞ்சும் இழையுமாக உருவகித்த மொழி நம்முடையது, நூலையும் ஏட்டையும் பிரிக்க முடியாது. ‘ஊடிழை’ என்பேன். நிகழ்ச்சியின் ஊடே ஓடும் இழை.

எளிதமிழ் எழுதியது:

‘தொடர் ஆட்டம்’ போதுமே. ‘ஜோக்கர்’ அப்படியே இருக்கட்டும். சீட்டாடும் எல்லோருக்கும் தெரியும்.

அனிச்சம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேரமில்லாததால் பெரும்பான்மைப்படி போகிறேன்: ஊர்ப்போட்டி, தொடர் ஆட்டம், ஜோக்கர். ‘ஊடிழை’யை அடிக்குறிப்பில் சேர்க்கிறேன் ஐயா. மாட்டுக்கு இருவர் கிடாரி, ஒருவர் பாய்ச்சல் பசு. கிடாரியே வைக்கிறேன்.

சேன்நதி எழுதியது:

சரி அக்கா. ஆனால் பக்கத்தில் படம் இருந்தால் பார்த்துவிட்டுப் போடுங்கள். மடி பெருத்த பசுவுக்குக் கீழே ‘கிடாரி’ என்று அச்சானால், மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி வகுப்பில் கையைத் தூக்குவாள்.

முல்லைநிலம் எழுதியது:

படத்தை இங்கே அனுப்புங்கள். மடியைப் பார்த்துச் சொல்கிறேன்.