வெனிஸில் தங்கி, கார் இல்லாமல் ஒருநாள் பயணங்கள்: ஆலோசனை வேண்டும்

கேள்வி:
வணக்கம். வரும் அக்டோபரில் பெற்றோருடன் ஒரு வாரம் வெனிஸில் தங்க எண்ணியிருக்கிறோம். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி பக்கத்து ஊர்களையும் தீவுகளையும் பார்க்க விருப்பம். கார் வாடகைக்கு எடுப்பதாக இல்லை. பாதோவா, வெரோனா இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால் படியேறுவது சிரமம். அறை இன்னும் பதிவு செய்யவில்லை.

மறுமொழி 1:
அறை பதிவு செய்யாமல் இருப்பது நல்லதாயிற்று, ஏனெனில் உங்கள் பயணத்தில் கடினமான பகுதி ரயிலில் இல்லை, அறையிலிருந்து ரயிலடிவரை செல்வதில்தான் இருக்கிறது. வெனிஸின் பாலங்களில் பெரும்பாலானவை படிக்கட்டுகள் கொண்டவை. சாந்தா லூச்சியா நிலையத்தின் வாசலில் தொடங்கும் லிஸ்தா தி ஸ்பான்யா தெருவில் தங்கினால், ஒரு பாலம்கூடக் கடக்காமல் ரயிலுக்குப் போய்விடலாம். சற்று இரைச்சலான தெருதான். ஆனாலும் முழங்காலுக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பாதோவா, விச்சென்சா, வெரோனா மூன்றும் ஒரே இருப்புப்பாதையில் அடுத்தடுத்து வருபவை. பாதோவாவுக்கு ஏறத்தாழ அரை மணிநேரம். வெரோனாவுக்கு விரைவு ரயிலில் ஒன்றேகால் மணிநேரம், வட்டார ரயிலில் அதைவிடக் கூடுதல். வட்டார ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கிடையாது, கடைசி நேரத்தில் வாங்கினாலும் கட்டணம் ஏறாது. காகிதப் பயணச்சீட்டாக இருந்தால் ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம்.

ஒரே நாளில் இரண்டு ஊர்களும் முடியும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாதோவாவுக்குப் போவதே பெரும்பாலும் ஸ்க்ரொவேன்யி சிற்றாலயத்தில் ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் முடித்த சுவரோவியங்களுக்காகத்தான். அங்கே நேரம் குறித்த முன்பதிவு தேவை. உள்ளிருக்கும் காற்றின் ஈரப்பதம் கெடாதிருக்க, முதலில் ஓர் அறையில் கால் மணிநேரம் உட்காரவைத்து, பிறகு வழக்கமாகக் கால் மணிநேரம் மட்டுமே பார்க்க விடுவார்கள். இப்படி ஒரு குறித்த நேரம் நடுவில் இருக்கும்போது வெரோனாவையும் சேர்த்தால், நாள் முழுதும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழியும்.

மறுமொழி 2:
தீவுகளைப் பற்றி நான் சொல்கிறேன். ஃபொந்தமெந்தே நோவே படகுத்துறையிலிருந்து 12ஆம் எண் நீர்ப்பேருந்து முரானோ வழியாகப் புரானோவுக்குச் செல்கிறது. 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ, ஒருநாள் சீட்டு 25 யூரோ என்பதே எனக்குத் தெரிந்த விலை. தீவு தீவாக இறங்கி நேரம் செலவிட்டு மூன்றாவது சீட்டு வாங்கும் நிலை வந்தால் ஒருநாள் சீட்டே லாபம். மிதக்கும் மேடையிலிருந்து ஏறுவதால் உங்கள் அம்மாவுக்குப் படகு பெரிய தொல்லையாக இராது.

முரானோவின் கண்ணாடிக் கடைகளில் நேரத்தைக் கரைத்துவிடாமல் தொர்ச்செல்லோ தீவுக்கு அதை மிச்சம் வையுங்கள். துறையிலிருந்து கால்வாயை ஒட்டிச் செல்லும் பாதை சமதளம்; அதன் முடிவில் 639இல் நிறுவப்பட்ட பேராலயம் நிற்கிறது. மேற்குச் சுவர் முழுவதையும் நிறைக்கும் இறுதித் தீர்ப்பின் மொசைக் ஓவியத்தை நிதானமாகப் பாருங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பாதோவாவுக்கு ஒரு நாள், தீவுகளுக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்கிறோம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும் என்கிறார்களே?

மறுமொழி 3:
வரும், ஆனால் முன்கூட்டியே அறிவிப்பார்கள். வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் இன்றியமையாத வட்டார ரயில்கள் ஓட வேண்டும் என்பது விதி. ஆகவே அன்று போய்த்தான் ஆகவேண்டும் என்றால் அந்த நேரங்களில் சென்று திரும்புங்கள். இல்லையேல் அன்றைக்குத் தீவுப் பயணத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஆனால் படகு ஊழியர்களும் அதே வேலைநிறுத்தத்தில் சேர்ந்திருக்கிறார்களா என்பதை முந்தைய நாளே பார்த்துவிடுங்கள்.