சீஷெல்ஸ்: ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாறிய ஆட்சி

தொண்ணூறுகளில், இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸின் தலைநகர் விக்டோரியாவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளி அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைமார் வம்சம். வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல், தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது. 1977 ஜூன் 5 பற்றித் தானாகப் பேசமாட்டார். ஒருநாள் மின்சாரம் போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் வாயைத் திறந்தார்.

அன்று ஞாயிறு. பூசைக்குப் போகச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாராம். ஆட்சி மாறிவிட்டது என்றார்கள். எந்த ஆட்சி? சுதந்திரம் கிடைத்தே ஓராண்டு நிறையவில்லையே! ஜேம்ஸ் மான்ஷம் ஜனாதிபதி, பிரான்ஸ்-ஆல்பர்ட் ரெனே பிரதமர், கூட்டணி அரசு. மான்ஷம் காமன்வெல்த் மாநாட்டுக்காக லண்டன் போயிருந்தார். பதவி பறிபோன செய்தி சவாய் ஹோட்டலில் இருந்தவருக்குத் தொலைபேசியில்தான் வந்தது. நாட்டில் அப்போது ராணுவமே கிடையாது. தான்சானியாவில் பயிற்சி பெற்ற ரெனே ஆதரவாளர்கள் மோன் ஃப்ளூரி போலீஸ் ஆயுதக் கிடங்கைப் பிடித்தார்கள். பிறகு எதிர்க்க யார் இருக்கிறார்கள்?

முதலாளி தெருவுக்கு வந்து பார்த்தால், முனையில் துப்பாக்கியோடு நிற்பவன் முந்தின நாள் அவரிடம் கடனுக்குக் கருவாடு வாங்கிப் போன பையன். "மிஸ்யே (ஐயா), வீட்டுக்குள் போங்கள்" என்றானாம், வழக்கமான மரியாதையோடு. அந்தக் கடன் வசூலாகவே இல்லை என்று சிரித்தார்.

ரெனே காலத்தில் பள்ளியும் மருத்துவமும் ஏழைகளுக்கு எட்டின, முதலாளியே ஒப்புக்கொள்வார். 1979இல் ஒரே கட்சி ஆட்சி என்று சட்டமானதும், 1985இல் எதிர்ப்பாளர் ஜெரார்ட் ஹோராவ் லண்டனில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அதே காலத்தில்தான். அந்த நல்லதையும் இந்தக் கெட்டதையும் ஒரே மூச்சில் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. 1993இல் பலகட்சித் தேர்தல் வந்தபோது, திரும்பி வந்திருந்த மான்ஷமை ரெனேயே தோற்கடித்தார்.

*

இதற்கு ஒரு வால் உண்டு. என் அத்தையின் கணவர் அப்போது பம்பாயில் ஏர் இந்தியாவில் வேலை பார்த்தார். 1981 நவம்பர் 25 இரவு, ஜிம்பாப்வேயின் சால்ஸ்பரியிலிருந்து (இன்றைய ஹராரே), சீஷெல்ஸின் பெரிய தீவான மாஹே வழியாக வரவேண்டிய போயிங் வரவில்லை.

மைக் ஹோர் என்ற கூலிப்படைத் தலைவர், மான்ஷமைத் திரும்பக் கொண்டுவருவதாகச் சொல்லி, பீர் குடிப்போர் சங்கம் என்ற வேடத்தில் ஆட்களோடு மாஹே விமான நிலையத்தில் இறங்கியிருக்கிறார். பைகளில் மேலே பொம்மைகள், அடியில் துப்பாக்கிகள். ஒருவன் பையைச் சுங்க அதிகாரி கிளறிவிட்டார். சண்டை மூண்டது. அதற்கு நடுவில் நம் விமானம் வந்து இறங்க, அதையே மிரட்டி டர்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பயணிகள் உயிரோடு திரும்பினார்கள்.

மாமா அன்று வீட்டுக்கே வரவில்லை. பயணிகளின் உறவினர்களுக்கு விடிய விடியப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஹோருக்குத் தென்னாப்பிரிக்க நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. மூன்றாண்டு முழுதாக இருப்பதற்குள் வெளியே விட்டுவிட்டார்கள். மாமாவுக்கு அந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை.