எமுலேட்டர்: ‘ஒத்தியங்கி’ சரிவருமா?

வணக்கம் ஐயா,

ஒரு கருவிக்கு எழுதிய நிரலை வேறொரு கருவியில் அப்படியே ஓடவைக்கும் மென்பொருளான எமுலேட்டருக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் நீங்கள் கேட்டது:

> ‘பாவனையாக்கி’ என்றே வைத்துக்கொள்ளலாமே, புரிகிறதுதானே?

புரியும். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். யாழ்ப்பாணத்தில் இருந்து படிப்பவருக்கு இது வேறு எதையோ சொல்லும். அப்புறம், சிமுலேட்டருக்கும் பாவனை என்றே பலர் எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் உட்கார்ந்தவர் எந்த ஊருக்கும் போய்ச் சேர்வதில்லை. எமுலேட்டரில் கேம்பாய் என்ற பழைய கையடக்கக் கருவியின் ஆட்டத்தைப் போட்டாலோ, அன்று கேட்ரிட்ஜில் இருந்த அதே பைட்டுகள்தான் ஓடுகின்றன. ஆட்டம் அசல். ‘போலி’ சேர்ந்த சொற்களை நான் ஏற்காததும் இதனால்தான்.

என் பரிந்துரை ஒத்தியங்கி. தானியங்கி பழகிய காதுக்கு உறுத்தாது. தொழிற்பெயர் ஒத்தியக்கம். ‘ஒத்தியக்கி’ வேண்டாம், இயக்கியை டிரைவருக்குக் கொடுத்துவிட்டோம். ‘ஒப்புச்செயலி’யும் சரிப்படாது, செயலி என்றால் ப்ராசசரா ஆப்பா என்ற குழப்பம் ஏற்கெனவே இருக்கிறது.

‘ஒத்து’ என்பதில்தான் எனக்குப் பிடிப்பு. சிறு ஆட்டங்கள் எழுத அன்று உருவான சிப்-8 என்ற எளிய நிரல்மொழிக்கு ஒத்தியங்கி ஒன்று எழுதினேன். 35 ஆணைகள், 64×32 புள்ளித் திரை, 16 விசைகள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் இதில்தான் தொடங்குவார்கள். பிட்டுகளை நகர்த்தும் ஆணையில் மாட்டிக்கொண்டேன். அந்த ஆணை இரண்டு பதிவகங்களை, அதாவது எண்களை வைத்திருக்கும் சிறு நினைவிடங்களைக் குறிப்பிடும். 1977-இல் வந்த காஸ்மாக் விஐபி கணினியில் அது இரண்டாம் பதிவகத்தின் மதிப்பை நகர்த்தி முதலாவதில் வைக்கும். 1990-இல் எச்பி-48 கால்குலேட்டருக்கு எழுதப்பட்ட வடிவத்தில் முதலாவதையே நகர்த்திவிடும். சில ஆட்டங்கள் அந்த வழக்கத்தை நம்பியவை, சில இந்த வழக்கத்தை. எது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. ஆட்டம் எதை நம்பி எழுதப்பட்டதோ அதை ஒத்து இயங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இன்னொன்று. சிப்-8 என்று தனி வன்பொருள் இருந்ததே இல்லை. விஐபியில் அதுவே 512 பைட்டில் அடங்கிய இன்டர்ப்ரிட்டர், அதாவது ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றும் மென்பொருள். அதனால் இதை எமுலேட்டர் எனலாமா என்று ஆங்கிலத்திலேயே வாதம் உண்டு. ஒத்தியங்கிக்கு அந்தச் சிக்கல் வராது; ஒத்திருப்பது வன்பொருளையா மென்பொருளையா என்று சொல் கேட்பதில்லை.

‘ஒத்துழை’ நினைவுக்கு வருமோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆட்டத்தை நிறுத்திய இடத்திலேயே சேமித்துவைக்கும் சேவ் ஸ்டேட்டுக்கு நிலைச்சேமிப்பு, ஆட்டங்களைப் பட்டியலிட்டுத் திறந்துதரும் லாஞ்சருக்குத் தொடக்கி என்று என் நிரலின் பட்டிகளில் போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், வெளியிடும் முன் மாற்றிவிடுகிறேன்.