வேளாண் பட்ஜெட்ல முதல் காசு எதுக்குப் போகணும்?

வேளச்சேரிவாசி: 2021-லேர்ந்து நம்ம ஸ்டேட்ல விவசாயத்துக்குத் தனி பட்ஜெட் போடுறாங்க, சரி. ஆனா போன மாசம் கைய கடிச்ச தக்காளிய இந்த மாசம் கோயம்பேட்டுல கூடை கூடையா மாடு தின்னுது. நீங்க மந்திரியா இருந்தா எதுக்கு முதல்ல காசு ஒதுக்குவீங்க?

டெல்டாக்காரன்: கொள்முதல் நிலையத்துக்குதான் பாஸ். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா நெல்ல எடுக்க மாட்டாங்க, குறுவை அறுக்குற நேரம் பாத்து மழை வந்துடும், எங்க சித்தப்பா ரோட்டோரமா குவிச்சு தார்ப்பாய் மூடி நாலு ராத்திரி காவல் கிடந்தாரு, பிரிச்சா அடியில முளை விட்டுருக்கு. கூரை போட்ட களம், காய வைக்கிற மெஷின், அவ்ளோதான் கேக்குறோம்.

கிணத்துமேடு: உங்களுக்கு மேட்டூர் இருக்கு, எங்களுக்கு போர்வெல்தான். கரண்ட் ஃப்ரீ, தண்ணி எங்க? சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம் தர்றாங்க, நல்லதுதான், முதல்ல ஏரிய தூர்வாருங்கப்பா.

வேளச்சேரிவாசி: அப்ப தக்காளி?

டெல்டாக்காரன்: அதுக்குக் குளிர்பதனக் கிடங்கு, அதுவும் விளையுற ஊர் பக்கத்துல, சென்னைல இல்ல.