வீட்டில் சாஃப்ட் லூர் ஊற்றுவது: பிளாஸ்டிசால் காய்ச்சும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மணக்குடிக்காரன்:
மணக்குடி காயலில், கடலோடு சேரும் பொழிமுகத்துப் பக்கம் செம்பல்லிக்கும் கொடுவாவுக்கும் சாஃப்ட் லூர்தான் (மெத்தென்ற பிளாஸ்டிக் பொய் இரை) போடுகிறேன். நல்ல மீன் அடிக்கும் முன்னாலேயே பேத்தை மீன் வந்து வாலைக் கத்தரித்துவிடுகிறது, ஒரு பாக்கெட் ஒரு காலைக்குக்கூடத் தாங்குவதில்லை. அதனால் பத்துப் பதினைந்தாக வீட்டிலேயே ஊற்றிக்கொள்ளலாம் என்று ஒரு லிட்டர் பிளாஸ்டிசால் (பிவிசி தூளை இளக்கி எண்ணெயில் கலந்த திரவம்) வாங்கிவிட்டேன். நாலு இஞ்ச் சுருள் வால் லூர் ஒன்றை வைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சும் எடுத்தாயிற்று. இனிமேல்தான் காய்ச்சணும். அடுப்பா, மைக்ரோவேவா? எவ்வளவு சூடு? கடிபட்ட பழைய துண்டுகளையும் உருக்கிச் சேர்க்கலாமா? செய்து பழகின அண்ணன்மார் சொல்லுங்க.

வடசேரி தூண்டில்:
தம்பி, சூட்டைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் அச்சு காய்ந்ததா என்று பாருங்க. பிளாஸ்டருக்குள் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் 170 டிகிரி திரவம் பட்டதும் அது ஆவியாகி வெடித்துத் தெறிக்கும், கையிலும் முகத்திலும் ஒட்டினால் தோலோடுதான் வரும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, அதனால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீங்க. மாடி வெயிலில் வைத்து, சமையல் தராசில் தினமும் எடை பாருங்க. எடை குறைவது நின்றால்தான் காய்ந்ததாக அர்த்தம். அப்புறம் ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து இரண்டு மூன்று கோட் அடித்து, அதையும் நன்றாகக் காயவிடணும். இல்லாவிட்டால் லூர் அச்சில் ஒட்டிக்கொள்ளும், மேல் பக்கம் சொரசொரவென்று வரும்.

குளச்சல் பாரை:
காய்ச்சுவது பற்றி நான் சொல்கிறேன். பாட்டிலை நன்றாகக் குலுக்கிவிட்டு ஊற்றுங்க, பிவிசி தூள் அடியில் படிந்திருக்கும். சூடு தாங்கும் கண்ணாடிக் கப்பில் 100 மில்லி போதும். மைக்ரோவேவில் முதலில் ஒரு நிமிடம், பிறகு இருபது முப்பது விநாடியாக வைத்து ஒவ்வொரு தடவையும் கிளறணும். பால் நிறத்தில் இருப்பது இடையில் களி மாதிரி இறுகும், பயப்படாதீங்க, சூடு ஏற ஏற இளகித் தெளிவாகிவிடும். 170 முதல் 180 டிகிரிக்குள் ஊற்றிவிடணும். தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் மேல்பரப்பை மட்டும்தான் காட்டும், அதனால் கிளறிவிட்டு அளங்க. 200 தாண்டினால் மஞ்சளாகி, கருகி, ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், அது நுரையீரலை அரிக்கும். சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. வெளியே, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்க. வீட்டில் சமைக்கிற மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், பழையது ஒன்று இதற்கென்றே வாங்கிக்கொள்ளுங்க. கேஸ் அடுப்பில் அடி மட்டும் கருகிவிடும், அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

எடைக்கு உப்பு சேர்ப்பதாக இருந்தால் புத்தளம் கல்லுப்பை அப்படியே போடாதீங்க. வறுத்து, நைசாக அரைத்து, சூடாக இருக்கும்போதே சேர்க்கணும். உப்பு கூடினால் வேகமாக முங்கும், ஆனால் சீக்கிரம் கிழியும். பேத்தை உள்ள இடத்துக்கு உப்பே இல்லாமல் ஊற்றுவதுதான் என் பழக்கம்.

தேங்காப்பட்டணம்:
பழைய துண்டுகளைத் தாராளமாக உருக்கலாம். மண் போகக் கழுவி, முழுக்கக் காயவைத்து, சின்னதாக நறுக்கிப் போடுங்க. ஒவ்வொரு தடவை உருக்கும்போதும் சீக்கிரம் கருகும், அதனால் ஹீட் ஸ்டெபிலைசர் (சூட்டில் கருகுவதைக் குறைக்கும் திரவம்) சில துளி விட்டு, கறுப்பு, காபி மாதிரி அடர் நிறத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க. இழுத்தால் பல மடங்கு நீளும் லூர்கள் வேறு வகை, அவை பிவிசியோடு கலக்காது. கிழிந்ததை ஆற்றில் போடாமல் டப்பாவில் போட்டு வைத்தால் உங்களுக்குத்தான் லாபம், மீன் வயிற்றிலும் போகாது.

ஊற்றியபின் வால் நேராக இருக்கும்படி தட்டில் படுக்கப்போட்டு ஆறவிடுங்க. மடங்கி ஆறினால் அப்படியே நின்றுவிடும். பெயின்ட் அடித்த கெட்டியான ஹார்டு லூரோடு ஒரே பெட்டியில் வைக்காதீங்க, பெயின்ட் இளகிவிடும்.

மணக்குடிக்காரன்:
நன்றி அண்ணா. அச்சை இன்று எடை போட்டேன், நேற்றைவிடக் குறைந்திருக்கிறது, அப்படியென்றால் இன்னும் ஈரம்தான். காயட்டும். காய்ந்ததும் முதல் கப்பைக் கறுப்பில் ஊற்றிப் பார்த்துவிட்டுப் படம் போடுகிறேன்.