ஜெட்: தாரையா, தூம்பா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பழைய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவோருக்கான கையேட்டில், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் பாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கிறோம். மிதவை, ஊசி, கிண்ணம் எல்லாம் சண்டையில்லாமல் முடிந்துவிட்டன. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டில் வந்துதான் வண்டி நிற்கிறது. போன வாரம் வந்த மூன்று பரிந்துரைகளையும் என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கின் கார்புரேட்டரை மேசையில் பிரித்துப் போட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்தேன்.

முதலில் 'தாரை'. ஜெட் விமானம் தாரை விமானம் என்றால் இதுவும் தாரைதானே என்கிறார் நண்பர். அங்கே ஜெட் என்பது பீறிட்டு வெளியேறும் வளி. இங்கே அது பாய்கிற பொருள் அல்ல, பாய்வதை அளந்து விடுகிற பித்தளைத் துண்டு. நடுவில் ஊசிமுனை அளவுக்குத் துளை, மேலே பொறித்த ஓர் எண், அவ்வளவுதான். 'தாரையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போடவும்' என்று எழுதினால் நமக்கே சிரிப்பு வரும். போதாததற்கு எங்கள் பக்கம் சாக்கடைக்குச் சலதாரை என்று பெயர்.

'நுண்புழை' அழகான சொல். ஆனால் பள்ளி இயற்பியலில் நுண்புழைக் குழாயாக அது ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. 'பீச்சி'யோ வேலையையே தப்பாகச் சொல்கிறது. கார்புரேட்டரில் யாரும் பெட்ரோலைப் பீச்சுவதில்லை. எஞ்சின் இழுக்கும் காற்று குறுகிய தொண்டையில் வேகமெடுக்கிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் தானாக மேலேறுகிறது. பம்பு வைத்துப் பீச்சுவது இஞ்செக்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் அதுதான். 'பீச்சி'யை அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை 'தூம்பு'. ஏரிகளில் குமிழித் தூம்பு பார்த்திருப்பீர்கள். கரைக்கு உள்பக்கம், தண்ணீருக்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். கீழே கல்தொட்டி, அதன் மேல்மூடியில் ஒரு துளை, துளையை அடைக்க ஒரு குமிழ். குமிழைத் தூக்கினால் நீர் துளை வழியே இறங்கி, கரைக்கு அடியில் ஓடி வயலுக்குப் போகும். எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவு நீர். ஆக்சிலேட்டரைத் திருகும்போது காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடோடு சேர்ந்து நீடில் (ஊசி) மேலே வருவது இதே ஏற்பாடுதான். ஏரி, கட்டைவிரல் அளவு கிண்ணமாகிவிட்டது என்பதுதான் வித்தியாசம். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் நீடில் உயரும், பெட்ரோல் கூடும். ஏரிப் பாசனம் தெரிந்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆகவே மெயின் ஜெட் பெருந்தூம்பு, பைலட் ஜெட் சிறுதூம்பு. ஐடிலில் (ஆக்சிலேட்டரைத் திருகாத நிலை) இருந்து எட்டில் ஒரு பங்கு த்ராட்டில் (ஆக்சிலேட்டர் திருகல்) வரை சிறுதூம்பின் ஆட்சி, முக்கால் த்ராட்டிலுக்கு மேல் பெருந்தூம்பு, நடுவில் பெரும்பாலும் ஊசி. ஊசி நுழையும் நீடில் ஜெட்டுக்கு ஊசித்தூம்பு. இன்னொன்றும் இருக்கிறது. குமிழித் தூம்பில் தெளிந்த நீர் போவது நீரோடித் துளை, அடியில் வண்டல் போவது சேறோடித் துளை. கிண்ணத்தின் அடியில் பெட்ரோலை வடிக்க இருக்கும் ட்ரெயின் திருகாணிக்குச் சேறோடி என்று வைத்தால் என்ன? நாள்பட்ட பெட்ரோல் கெட்டியாகி அங்கே படிந்திருப்பதைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

இதன் உண்மையான லாபம் வேறு இடத்தில். ஜெட்டைச் சுத்தம் செய்வதையும் வேறு அளவு ஜெட் போடுவதையும் 'கார்புரேட்டர் வேலை' என்று ஒன்றாகச் சொல்லிவிடுகிறோம். முன்னது தூர்வாருதல், பின்னது தூம்பு மாற்றுதல். இரண்டும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் வண்டியே சாட்சி. அடைத்துக்கொண்ட மெயின் ஜெட்டில் கிளட்ச் கேபிளின் ஓர் இழையை விட்டுக் குடைந்தேன். எல்லோரும் செய்வதுதானே? எஃகு, பித்தளையைத் தின்றுவிட்டது. தூர்வாரப் போனவன் தெரியாமலே தூம்பு மாற்றிவிட்டேன். பொறித்த எண் அப்படியே இருக்கிறது, துளைதான் அந்த எண்ணில் இல்லை. ஒரு மில்லிமீட்டர் துளை 1.05 ஆனால் பரப்பு பத்து சதவீதம் கூடிவிடும். பெட்ரோல் கூடியதால் இரண்டு வாரம் பிளக் கரியாகவே வந்தது, நான் பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கார்ப் கிளீனர், அப்புறம் நைலான் தூண்டில் நரம்பு, அவ்வளவுதான்.

மாறாக, வேண்டுமென்றே மாற்றுவதும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் சரியாக ஓடும் வண்டி, 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டியில் மூச்சுத் திணறும். காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, பெட்ரோல் அந்த அளவுக்குக் குறையாது. அங்கேயே குடியிருக்கும் வண்டிக்குச் சிறிய பெருந்தூம்பு போடலாம் (ஆமாம், 'சிறிய பெருந்தூம்பு' இடிக்கிறது, 'தலைத்தூம்பு' என்றால் இடிக்காது). அதையே கீழே கொண்டுவந்து முறுக்கினால் கலவை மெலிந்து, சூடேறி, டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும் (இறுகிச் சிக்கிக்கொள்ளும்).

பொறித்த எண்ணைத் 'துளை அளவு' என்று எழுதுவதை மட்டும் எதிர்க்கிறேன். கெய்ஹின், மிக்குனி இரண்டும் கார்புரேட்டர் தயாரிப்பாளர்கள். கெய்ஹினில் அது விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு. மிக்குனியின் அறுகோண மெயின் ஜெட்டிலோ அது பாயும் அளவு. இதில் 100 என்பதும் அதில் 100 என்பதும் ஒன்றல்ல. 'தூம்பெண்' என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

பட்டறையில் ஜெட் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். கையேட்டில் முதல் இடத்தில் 'ஜெட் எனப்படும் தூம்பு' என்று எழுதிவிட்டு மேலே போகலாம்.

ஒரு சந்தேகம். அகராதியில் தூம்புக்கும் சாக்கடை என்று ஒரு பொருள் இருக்கிறது, சலதாரையைக் கேலி செய்த எனக்கு இது வேண்டும்தான். உங்கள் ஊரில் இன்னும் அந்தப் பொருளில் புழங்குகிறதா? சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக்காரர்கள் சொன்னால் நல்லது. அங்கே தூம்பு என்றதும் கண்மாய் நினைவுக்கு வருகிறதா, கழிவுநீரா?