‘ஆக்சிடேடிவ் ஸ்ட்ரெஸ்’ – தமிழில் என்ன போடலாம்? (அவசரம்)

நண்பர்களே, வணக்கம். சித்த மருத்துவ முதலாண்டு மாணவர்களுக்கு உயிர்வேதியியல் கையேடு ஒன்று தயாராகிறது, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போயாக வேண்டும். தாவரச் சேர்மங்கள், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களை என்ன செய்கின்றன, அது அழற்சியை எப்படித் தணிக்கிறது என்பது ஒரு பாடம். ‘ஆக்சிஜனேற்ற அழுத்தம்’ என்றுதான் முதலில் போட்டேன். வகுப்பில் ஒரு மாணவி, “இதையும் பிபி மாதிரி கருவி வைத்துப் பார்ப்பார்களா அம்மா?” என்றாள். ஆகவே அழுத்தம் வேண்டாம். வேறு சொல் தாருங்கள்.
– ச.மு.

‘உயிர்வளியேற்றத் தகைவு’. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஸ்ட்ரெஸுக்குத் தகைவு என்பது பதினொன்றாம் வகுப்பு இயற்பியலிலேயே உண்டு. வளியோ, ‘உந்தி முதலா முந்துவளி தோன்றி’ என்று தொல்காப்பியப் பிறப்பியலின் முதல் அடியிலேயே இருக்கிறது. தகைதல் என்றால் தடுத்தல், கட்டுதல். அங்கிருந்து தகை, தகைமை, தகவு எல்லாம் ஒரே கொடியில் வரும், அதை விரித்தால் நாலு பக்கம் ஆகும். மைட்டோகாண்ட்ரியா என்று ஏன் எழுதுகிறீர்கள்? இழைமணி எங்கே போயிற்று?
– இரா.

இலங்கைப் பாடநூல்களில் ஒட்சியேற்றம், தகைப்பு. ஆகவே எங்களுக்கு ‘ஒட்சியேற்றத் தகைப்பு’ என்றால் உடனே விளங்கும், உங்கள் மாணவருக்கு விளங்காது. இழைமணி அருமையான சொல், 1898இல் ஜெர்மன் அறிஞர் பெண்டா வைத்த மைட்டோகாண்ட்ரியா என்ற பெயரிலும் கிரேக்கத்தில் இழையும் மணியும்தான் இருக்கின்றன. ஆனால் இரா. ஐயா, ஆக்சிஜனுக்கு வேர் தேடினால் ‘புளிப்பை உண்டாக்குவது’ என்றுதான் வரும். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே தவறாக நினைத்து வைத்த பெயர். புளிப்புவளி என்போமா?
– ந.

அதையும் பரிசீலிக்கலாம்.
– இரா.

முதலில் பொருளைப் பாருங்கள் ஐயா. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் எலெக்ட்ரான்கள் கைமாறிப் போகையில், முதலாவது, மூன்றாவது புரதக் கூட்டுகளில் கொஞ்சம் நழுவி ஆக்சிஜனோடு சேர்ந்து, எளிதில் வினைபுரியும் சூப்பராக்சைடு ஆகிவிடும். அளவோடு இருந்தால் அது செல்லுக்குச் செய்தி சொல்லும் பொருள். சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகினால்தான் இந்த ஸ்ட்ரெஸ். 1985இல் ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஹெல்முட் சீஸ் வரையறுத்ததும் சமநிலை குலைவு என்றுதான். அதனால் கையேட்டில் உள்ள ‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி’ (ஆன்டிஆக்சிடன்ட்) என்பதே எனக்கு உறுத்துகிறது. ப்ராக்கோலியில் வரும் சல்ஃபோராஃபேன் பெரும்பாலும் நேராகப் போய் எதையும் எதிர்ப்பதில்லை. கீப்1 என்ற புரதத்தில் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டிக்கொள்கிறது. கீப்1 பிடித்துவைத்திருந்த என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதம் சிதையாமல் தப்பி, உட்கருவுக்குப் போய், காப்பு நொதிகளின் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. செல்லைச் சற்றுச் சீண்டித்தான் நன்மை செய்கிறது. கடுகை அரைத்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதுவும் இதே ஐசோதயோசயனேட் குடும்பம்தான்.

தாவரத்திலிருந்து வந்தாலே நல்லது என்றும் எழுதிவிடாதீர்கள். டெர்ரிஸ் என்ற கொடியின் வேரில் உள்ள ரோட்டினோன் முதல் கூட்டையே அடைத்துவிடும். அதைக் கலக்கி மீன் பிடித்தார்கள், எலிக்குக் கொடுத்தால் நடுக்குவாதம் போன்ற நோய் வருகிறது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரினும் அதே கூட்டைத்தான் மட்டுப்படுத்துகிறது.
– வே.

வே. சொன்னதைத்தான் வள்ளுவர், ‘மிகினும் குறையினும் நோய்செய்யும்’ என்று எப்போதோ முடித்துவிட்டார். ‘ஆக்சிஜனேற்றச் சமன்குலைவு’ என்று வையுங்கள், சித்த மருத்துவ மாணவருக்குப் பளிச்சென்று புரியும். என் கவலை அழற்சியைப் பற்றி. அழல் என்றால் அவர்களுக்குப் பித்தம். என்எஃப்-கப்பா பி என்ற புரதம் அழற்சியைத் தூண்டுகிறது என்று எழுதினால், பித்தத்தைக் கூட்டுகிறது என்று தேர்வில் எழுதுவார்கள்.
– பா.

சமன்குலைவு ஒத்துவராது, பா. ஐயா. எதிர்த்திசையிலும் ஒரு ஸ்ட்ரெஸ் உண்டு, எலெக்ட்ரான் தரும் பொருள்கள் அளவுக்கு மீறிச் சேர்வது. அதுவும் சமன்குலைவுதானே? தகைவும் வேண்டாம், கம்பியை இழுப்பதும் செல் தவிப்பதும் ஒன்றல்ல. தவிர, குறளின் தகையணங்குறுத்தல் அதிகாரத்தில் தகை என்றால் அழகு. ‘நெருக்கடி’ போதும்.
– வே.

நெருக்கடி பேருந்து நிலையத்தில் இருக்கிறது.
– இரா.

சரி, எல்லோருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. பெரும்பாலோர் கைதூக்கியதால் ‘ஆக்சிஜனேற்ற நெருக்கடி’ என்றே விடுகிறேன், ஒட்சியேற்றத் தகைப்பு அடிக்குறிப்பில் வரும். எதிர்ப்பிக்கு மாற்றுச் சொல் யாரும் தரவில்லை, அது அப்படியே போகிறது. சல்ஃபோராஃபேன் பத்தியை வே. எழுதியபடியே சேர்த்துவிட்டேன். ரோட்டினோனும் உள்ளே.
– ச.மு.

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அழற்சிக்குத் தனி இழை தொடங்குகிறேன், ‘வெதுப்பு’ என்ற சொல் கைவசம் இருக்கிறது.
– இரா.